தனிநிலைத் தொடர், தொடர்நிலைத் தொடர்: பிள்ளை எங்கே இடறுகிறது, எப்படிச் சரிசெய்வது

மூன்றாம் வகுப்பு முதல் ஆறாம் வகுப்பு வரை தமிழ் சொல்லிக்கொடுப்பவர்களுக்கும், சாயங்காலம் வீட்டில் நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு உட்காரும் பெற்றோருக்கும் இது. முழுவதையும் படிக்கத் தேவையில்லை. நோட்டில் தெரியும் பிழை எதுவோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போகலாம். அடுத்துள்ள இரண்டு பகுதிகளை மட்டும் எல்லோரும் பார்த்துவிடுங்கள்.

முதலில் வரையறை

தொடரை முடித்துவைக்கும் சொல் பயனிலை; அது யாரை, எதைக் குறித்து வருகிறதோ அது எழுவாய். பள்ளி இலக்கணத்தில் வழக்கமாகச் சொல்வது இது. ஓர் எழுவாயோ பல எழுவாய்களோ ஒரே பயனிலையைக் கொண்டு முடிந்தால் தனிநிலைத் தொடர். ஓர் எழுவாய் பல பயனிலைகளைக் கொண்டால் தொடர்நிலைத் தொடர். சில நூல்கள் இவற்றைத் தனி வாக்கியம், கூட்டு வாக்கியம் என்கின்றன. தனித்து நிற்கக்கூடிய இரண்டு வாக்கியங்களை 'ஆனால்', 'அதனால்' போன்ற சொல்லால் இணைத்தால் அதுவும் கூட்டுதான் என்கின்றன. உங்கள் பிள்ளையின் பாடநூல் எந்த வரையறையைப் பிடித்திருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். "கண்ணன் பாடினான், ஆனால் கவிதா பாடவில்லை" போன்ற தொடரில்தான் இரண்டும் மோதும். மற்ற இடங்களில் விடை ஒன்றாகவே வரும்.

இரண்டு வரையறைக்கும் பொதுவான வேலை ஒன்று உண்டு: பயனிலையை எண்ணுவது. கீழே வரும் பிழைகளில் பெரும்பாலானவை, பிள்ளை பயனிலையை எண்ணாமல் வேறு எதையோ எண்ணுவதால் வருபவை. சொற்களை எண்ணும், பெயர்களை எண்ணும், 'உம்' எத்தனை என்று எண்ணும்.

கையில் வேண்டியவை

ஒரு சார்ட் அட்டையை இரண்டு விரல் அகலப் பட்டைகளாக வெட்டிக்கொள்ளுங்கள். எழுவாய்க்கு 10, பயனிலைக்கு 12, இணைப்புச் சொல்லுக்கு 6 (ஆனால், அதனால், ஏனெனில், ஆகவே, அல்லது, இருந்தாலும்). பயனிலை மட்டும் வேறு நிறத்தில் இருக்கட்டும். சிவப்பு ஸ்கெட்ச் போதும். மற்ற எல்லாம் ஒரே நிறம். எழுவாய்க்கு ஒரு நிறம், காலத்துக்கு ஒரு நிறம், இடத்துக்கு ஒரு நிறம் என்று போனால் பிள்ளை நிறத்தைப் படிக்கும், சொல்லைப் படிக்காது.

பலர் மறப்பது: க், ச், த், ப் என்ற நான்கு எழுத்துகளைச் சின்னத் துண்டுகளில் மூன்று மூன்று எழுதி வையுங்கள். 'கடைக்கு' அட்டைக்குப் பக்கத்தில் 'போனான்' அட்டையை வைத்தால் நடுவில் 'ப்' வேண்டும். அட்டையில் அது இல்லாவிட்டால் நோட்டிலும் விழாது. துண்டைச் செருகும் வேலையைப் பிள்ளையிடமே விடுங்கள். முற்றுப்புள்ளிக்கு ஒரு தனி அட்டை, பெரிதாக. இந்த முற்றுப்புள்ளி அட்டைதான் எல்லாச் சோதனைக்கும் கருவி.

பிழை: "இது என் வீடு" என்பது தொடரே இல்லை என்கிறது

வினைச்சொல் வந்தால்தான் வாக்கியம் என்று யாரோ சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். தமிழில் பெயரும் பயனிலையாகும், வினாவும் பயனிலையாகும். "இது என் வீடு", "அவர் மருத்துவர்", "உன் பேனா எது?" மூன்றும் முழுத் தொடர்கள்.

'வினையைக் கண்டுபிடி' என்று கேட்பதை நிறுத்திவிட்டு, 'எழுவாயைப் பற்றி என்ன சொல்லியிருக்கிறது?' என்று கேளுங்கள். வீட்டில் இருப்பவர்களை வைத்து ஐந்து பெயர்ப் பயனிலைத் தொடர் சொல்லச் சொன்னால் ஒரே நாளில் சரியாகிவிடும். இதைச் சரிசெய்யாமல் மேலே போனால் "தம்பி கெட்டிக்காரன், ஆனால் சோம்பேறி" என்ற தொடரில் இரண்டு பயனிலை இருப்பது கடைசிவரை கண்ணில் படாது.

பிழை: எழுவாய் எது என்று கேட்டால் முதல் சொல்லைக் காட்டுகிறது

"நேற்று மழை பெய்தது" என்றால் 'நேற்று' என்கிறது. எடுத்துக்காட்டுகள் எல்லாமே எழுவாயில் தொடங்கியிருப்பதுதான் காரணம். 'பெய்தது எது?' என்று பயனிலையிலிருந்து பின்னோக்கிக் கேட்கப் பழக்குங்கள்.

இதன் கடினமான வடிவம் "எனக்கு ஒரு தம்பி இருக்கிறான்". பிள்ளை 'எனக்கு' என்று சொல்லும். அதன் பார்வையில் நியாயமும் இருக்கிறது, பேச்சு தன்னைப் பற்றியதுதானே. இங்கே வாதம் செய்யாமல் சொல்லை மாற்றிக் காட்டுங்கள். 'தம்பி'யை எடுத்துவிட்டுத் 'தங்கை' வைத்தால் 'இருக்கிறான்' 'இருக்கிறாள்' ஆகிறது. 'எனக்கு'வை எடுத்துவிட்டு 'அவளுக்கு' வைத்தால் பயனிலை அசையவில்லை. எதை மாற்றினால் பயனிலையின் வால் மாறுகிறதோ அதுவே எழுவாய். நான்காம் வேற்றுமை பற்றிய விளக்கம் பிறகு வரட்டும்.

"எனக்குப் பசிக்கிறது" என்ற தொடரைத் தொடக்க வகுப்புப் பயிற்சித்தாளில் வைக்கவே வைக்காதீர்கள். அதில் எழுவாய் வெளிப்படையாக இல்லை. ஆசிரியர்களுக்குள்ளேயே அரைமணி நேர விவாதம் ஓடும்.

பிழை: எழுவாய் எழுதப்படாத தொடரில் திணறுகிறது

"நேற்று ஊருக்குப் போனேன்." எழுவாய் எங்கே? வினையின் வாலில் இருக்கிறது. ஏன் என்றால் நான், ஓம் என்றால் நாம் அல்லது நாங்கள், ஆய் என்றால் நீ, ஈர்கள் என்றால் நீங்கள், ஆன், ஆள், ஆர் என்றால் அவன், அவள், அவர். வினையட்டையின் கடைசிப் பகுதியைப் பின்னால் மடித்து மறைத்து, பிறகு திறந்து காட்டினால் விளையாட்டுப்போலப் பிடித்துக்கொள்வார்கள்.

ஒரு கண்ணி உண்டு. "நேற்று வரவில்லை", "போக வேண்டும்", "செய்யக் கூடாது" ஆகியவற்றில் வால் ஆளைக் காட்டாது. 'வரவில்லை' நானாகவும் இருக்கலாம், பக்கத்து வீட்டுப் பூனையாகவும் இருக்கலாம். இப்படிப்பட்ட தொடர்களைத் தோன்றா எழுவாய்ப் பயிற்சியில் கொடுத்துவிட்டுப் பிள்ளையைக் குறை சொல்வதில் பொருளில்லை.

பிழை: நீளமாக இருந்தால் தொடர்நிலை, குட்டையாக இருந்தால் தனிநிலை என்கிறது

அதிகம் காணப்படுவது இதுதான். கொஞ்சம் நின்று பார்க்க வேண்டியதும் இதுதான்.

இரண்டு தொடர்களைப் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள்.

எங்கள் தெருக்கோடியில் நிற்கும் பெரிய வேப்பமரத்தின் கிளையில் உட்கார்ந்து ஒரு கிளி வெகுநேரம் கத்தியது.

கிளி கத்தியது, பறந்தது.

முதலாவதில் பயனிலை ஒன்று: கத்தியது. அது தனிநிலை. இரண்டாவது தொடர்நிலை. மூன்றே சொல்லில் தொடர்நிலை வரும் என்பதைக் கண்ணால் பார்த்தபின் நீளத்தின் மேல் இருக்கும் மயக்கம் பாதி தெளியும்.

மீதிப் பாதி முதல் தொடரின் 'நிற்கும்', 'உட்கார்ந்து' என்ற சொற்களில் இருக்கிறது. அவையும் செயலைத்தானே சொல்கின்றன, ஏன் எண்ணக் கூடாது என்று பிள்ளை கேட்டால் அது நல்ல கேள்வி. பதிலுக்கு முற்றுப்புள்ளி அட்டையை எடுங்கள். ஒவ்வொரு செயற்சொல்லுக்குப் பின்னாலும் அட்டையை வைத்து, அதுவரை உரக்கப் படிக்கச் சொல்லுங்கள்.

"கிளையில் உட்கார்ந்து." குரல் தொங்குகிறது, உட்கார்ந்து என்ன செய்தது என்று காது கேட்கிறது. இது வினையெச்சம், எண்ணாதே.
"தெருக்கோடியில் நிற்கும்." எது நிற்கும் என்று காது கேட்கிறது. பெயரெச்சம், எண்ணாதே.
"கிளி வெகுநேரம் கத்தியது." குரல் இறங்கி நிற்கிறது. முற்று; எண்ணு.

பெயர்களை மனப்பாடம் செய்யவைக்கும் முன் 'குரல் நிற்கிறதா, தொங்குகிறதா' என்ற சோதனையை ஒரு வாரம் ஓட்டுங்கள். தமிழ்க் காது உள்ள பிள்ளைக்கு இது விதியைவிட வேகமாக வேலை செய்யும். வீட்டில் தமிழ் குறைவாகப் பேசும் பிள்ளைகளுக்கு, குறிப்பாக வெளிநாட்டு வார இறுதித் தமிழ்ப் பள்ளிகளில் படிப்பவர்களுக்கு, காது மட்டும் போதாது. அவர்களுக்கு விகுதிப் பட்டியலை, அதாவது மேலே சொன்ன ஏன், ஓம், ஆய் போன்ற வினை வால்களின் பட்டியலை, பக்கத்தில் வையுங்கள்.

சோதனை சறுக்கும் இடங்கள் நான்கு:

'பெய்யும்' இரண்டு வேலை செய்யும். "இன்று மழை பெய்யும்" என்பதில் முற்று. "பெய்யும் மழை" என்பதில் பெயரெச்சம். சொல்லை மட்டும் வெட்டியெடுத்து 'முற்றா எச்சமா' என்று கேட்காதீர்கள். தொடரோடு கேளுங்கள்.

'படித்துக்கொண்டிருக்கிறான்' ஒரே முற்று. 'படித்துக் கொண்டு இருக்கிறான்' என்று பிரித்து எழுதியிருந்தால் பிள்ளை மூன்று என்று எண்ணும். 'விழுந்துவிட்டது', 'எழுதிப்பார்' இவையும் அப்படியே. ஒரே பட்டையில் சேர்த்தே எழுதுங்கள்.

'இல்லை', 'உண்டு', 'வேண்டும்', 'தெரியாது' இவற்றுக்குச் செயல் மாதிரித் தோற்றம் இல்லை. ஆனாலும் தொடரை முடிக்கும். எண்ண வேண்டும்.

"மழை வரும் என்று அப்பா சொன்னார்." இரண்டு இடத்திலும் குரல் நிற்கிறது. ஆனால் 'என்று' முதல் பகுதியைப் பிடித்து இரண்டாவதற்குள் அடைத்துவிட்டது. இது கலவைத் தொடர். 'என்று' கண்ணில் பட்டால் அந்தத் தொடரை ஓரமாக வை என்று சொல்லிவிடுங்கள். கலவைக்கு வரும்போது எடுத்துக்கொள்ளலாம். "மழை பெய்ததால் பள்ளிக்கு விடுமுறை விட்டார்கள்" என்பதும் ஓரத்துக்குத்தான் போக வேண்டும்: முற்று ஒன்றே, ஆனால் 'பெய்ததால்' என்பதற்குத் தனக்கென ஓர் எழுவாய் இருக்கிறது.

பிழை: 'உம்' வந்தால் உடனே தொடர்நிலை என்கிறது

"கண்ணனும் கவிதாவும் வந்தனர்." எழுவாய் இரண்டு, பயனிலை ஒன்று. தனிநிலை. "கண்ணன் வந்தான், உட்கார்ந்தான்." எழுவாய் ஒன்று, பயனிலை இரண்டு. தொடர்நிலை. சிவப்பு அட்டையை மட்டும் எண்ணச் சொன்னால் இது தானே தீரும்.

பிழை: "நான் கடைக்குப் போனேன் மற்றும் பால் வாங்கினேன்"

ஆங்கிலப் பயிற்சியை அப்படியே தமிழாக்கிய தாள்கள் கொண்டுவந்த நோய். 'மற்றும்' பெயர்களின் பட்டியலில் வேண்டுமானால் நிற்கும். இரண்டு முற்றுகளுக்கு நடுவில் தமிழ் அதை வைப்பதில்லை. யாரும் வீட்டில் "சாப்பிட்டேன் மற்றும் தூங்கினேன்" என்று சொல்வதில்லை என்பதைப் பிள்ளைக்குச் சொல்லிக்காட்டினால் சிரித்துவிடும். அந்தச் சிரிப்பிலேயே பாதிப் பாடம் முடிந்தது.

திருத்த வழிகள் இரண்டு. இரண்டும் வெவ்வேறு வகைத் தொடரைத் தரும் என்பதை விட்டுவிடக் கூடாது.

ஒன்று: நான் கடைக்குப் போனேன், பால் வாங்கினேன். முற்று இரண்டு, தொடர்நிலை.
இரண்டு: நான் கடைக்குப் போய்ப் பால் வாங்கினேன். முதல் முற்று எச்சமாகிவிட்டது, மிச்சம் ஒரே பயனிலை, தனிநிலை.

'இரு தொடர்களை இணைத்து எழுதுக' என்று மட்டும் கேள்வி கொடுத்தால் பிள்ளை இரண்டாவதைத்தான் எழுதும், ஏனெனில் இயல்பான தமிழ் அதுதான். ஆசிரியரின் விடைக்குறிப்பில் முதலாவது இருந்தால் பிள்ளைக்கு மதிப்பெண் போய்விடும். தவறு கேள்வியில் இருக்கிறது. 'தொடர்நிலைத் தொடராக எழுதுக' என்றோ 'எச்சமாக மாற்றி ஒரே தொடராக்குக' என்றோ தெளிவாகக் கேளுங்கள்.

பிழை: எச்சம் போடுகிறது, ஆனால் ஆள் மாறிப்போகிறது

"அம்மா சமைத்து நான் சாப்பிட்டேன்." காதில் உறுத்துகிறது, ஆனால் எதனால் என்று பிள்ளைக்குத் தெரியவில்லை. 'செய்து' என்ற வடிவில் வரும் எச்சத்துக்கும் முடிக்கும் வினைக்கும் பொதுவாக ஒரே எழுவாய் இருக்க வேண்டும். சமைத்தவர் வேறு, சாப்பிட்டவர் வேறு. "அம்மா சமைத்தார், நான் சாப்பிட்டேன்" என்று பிரிக்கலாம், அல்லது "அம்மா சமைத்ததும் நான் சாப்பிட்டேன்" என்று எச்சத்தின் வடிவத்தை மாற்றலாம்.

பயிற்சிக்கு ஆறு சோடித் தொடர் கொடுங்கள்: மூன்றில் ஆள் ஒன்று, மூன்றில் ஆள் வேறு. எச்சமாக்கும் முன் 'இரண்டையும் செய்தது ஒரே ஆளா?' என்று ஒவ்வொன்றுக்கும் டிக் போடச் சொல்லுங்கள்.

"மழை பெய்து குளம் நிரம்பியது" என்று பிள்ளை எழுதினால் சிவப்பு மையை எடுத்துவிடாதீர்கள். முதல் செயல் இரண்டாவதற்குக் காரணமாக இருக்கும்போது ஆள் மாறினாலும் தமிழ் ஏற்கிறது. 'ஞாயிறு பட்டு வந்தான்' என்ற தொடரை நன்னூல் உரைகள் தள்ளவில்லை. 'ஞாயிறு பட வந்தான்' என்று பொருள்கொண்டு சேர்த்துக்கொண்டன.

பிழை: "பள்ளிக்கு விடுமுறை, அதனால் மழை பெய்தது"

அதனால், ஏனெனில் இரண்டும் இடம் மாறுகின்றன. இரண்டுமே 'காரணச் சொற்கள்' என்று ஒரே பட்டியலில் கொடுத்ததன் விளைவு. ஒன்றுக்குப் பின்னால் விளைவு வரும், மற்றதற்குப் பின்னால் காரணம் வரும்.

"மழை பெய்தது", "பள்ளிக்கு விடுமுறை" என்று இரண்டு நீளப் பட்டைகள். நடுவில் இணைப்பு அட்டை. எது முதலில் நடந்தது என்று கேட்டு அந்தப் பட்டையின் மூலையில் 1 என்று பென்சிலால் எழுதச் சொல்லுங்கள். 1 முன்னால் இருந்தால் 'அதனால்'. பட்டைகளை இடம் மாற்றி 1 பின்னால் போனால் 'ஏனெனில்'. பட்டையைக் கையால் மாற்றும்போது இணைப்பு அட்டையையும் மாற்ற வேண்டும் என்ற பழக்கம் நான்கைந்து முறையில் வந்துவிடும்.

'ஆனால்' எல்லா இடத்திலும் ஒட்டிக்கொண்டிருந்தால் வேறு மருந்து. முதல் பட்டையைப் படித்துவிட்டு நிறுத்தி, 'அடுத்து என்ன எதிர்பார்க்கிறாய்?' என்று கேளுங்கள். "அவன் நன்றாகப் படித்தான்…" தேர்ச்சி பெறுவான் என்று எதிர்பார்க்கிறோம். பெற்றான் என்றால் 'அதனால்', பெறவில்லை என்றால் 'ஆனால்'.

இணைப்புச் சொல்லுக்கு முன்னால் அரைப்புள்ளி போடப் பழக்கலாம். முற்றுப்புள்ளி வைத்து 'ஆனால்' என்று புதிதாகத் தொடங்குவதும் எழுத்துத் தமிழில் சர்வசாதாரணம். தொடர்நிலையைச் சோதிக்கும் பயிற்சியில் மட்டும் அதைத் தவிர்க்கச் சொன்னால் போதும்.

பிழை: சேர்த்தபின் வினை பொருந்தவில்லை

"மாடும் கன்றும் வந்தது", "அண்ணனும் தங்கையும் வந்தான்". தனித்தனித் தொடரில் இருந்த வினையை மாற்றாமல் அப்படியே தூக்கி வைத்திருக்கிறது. கீழ்க்கண்டதை அட்டையில் எழுதிச் சுவரில் ஒட்டிவிடுங்கள்:

மாடும் கன்றும் வந்தன
அண்ணனும் தங்கையும் வந்தனர்
நீயும் அவனும் வந்தீர்கள்
நானும் அவனும் வந்தோம்
நானும் நீயும் வந்தோம்

வரிசையைப் பாருங்கள்: 'நான்' இருந்தால் எப்போதும் ஓம், 'நான்' இல்லாமல் 'நீ' இருந்தால் ஈர்கள். "பையனும் நாயும்" என்று உயர்திணையும் அஃறிணையும் கலந்தால் வினையைத் தேடி மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம்; "பையன் நாயோடு வந்தான்" என்று மாற்றி எழுதச் சொல்லுங்கள். 'வந்தது' என்பதைப் பேச்சில் பன்மைக்கும் சொல்கிறோம் என்பதால் முதல் வரி மட்டும் ஆறாம் வகுப்பிலும் வழுக்கும். அதற்குப் பொறுமைதான் வழி.

பிழை: ஒரு பக்கம் முழுவதும் ஒரே தொடர்

"காலையில் எழுந்து பல் துலக்கிக் குளித்துச் சாப்பிட்டுப் பள்ளிக்குப் போய்ப் பாடம் படித்து மாலையில் வந்து விளையாடி…" இலக்கணப்படி இதில் பிழையே இல்லை, அதனால்தான் திருத்துவது சங்கடம். தமிழ் இப்படிக் கோத்துக்கொண்டே போக இடம் கொடுக்கும் மொழி. 'தவறு' என்று அடிக்காமல், மூன்று எச்சத்துக்கு மேல் போனால் ஒரு முற்று வைக்க வேண்டும் என்று வகுப்பு வழக்கமாக ஆக்கிக்கொள்ளுங்கள். எங்கே வெட்டுவது? இடம் மாறும்போது வெட்டு, பொழுது மாறும்போது வெட்டு. மேலே உள்ளதில் 'சாப்பிட்டேன்' என்று ஒரு வெட்டு, 'படித்தேன்' என்று ஒரு வெட்டு.

'அப்புறம்… அப்புறம்…' என்று ஓடும் நோட்டுக்கும் இதே வைத்தியம். அப்புறத்தை அடித்துவிட்டுப் படித்தால் பத்தில் எட்டு இடத்தில் எதுவும் குறையாது.

பிழை: அட்டையில் சரியாக அடுக்குகிறது, நோட்டில் எழுதச் சொன்னால் விழுகிறது

அட்டையில் பயனிலை தயாராக இருக்கிறது, தேர்ந்தெடுத்தால் போதும். நோட்டில் அதை உருவாக்க வேண்டும். நடுவில் ஒரு படி விட்டுப்போயிருக்கிறது. பயனிலை அட்டையை மட்டும் எடுத்துவிட்டு, அந்த இடத்தில் வெற்றுச் சிவப்பு அட்டையை வைத்துப் பென்சிலால் எழுதச் சொல்லுங்கள். 'வந்துச்சு', 'போனாங்க' என்று எழுதினால் இப்போதைக்குத் தொடர் வகையை மட்டும் திருத்துங்கள். பேச்சு வடிவத்தை எழுத்து வடிவமாக்குவதை அடுத்த நாள் தனியாக, அதே அட்டைகளை வைத்துச் செய்யலாம். ஒரே உட்காரலில் இரண்டையும் திருத்தினால் பிள்ளை எதற்காகத் திருத்தப்பட்டது என்பதே தெரியாமல் அழித்து அழித்து எழுதிக்கொண்டிருக்கும்.

ஒரு நாளைக்குப் பத்து நிமிடம், ஆறு தொடர், அதற்கு மேல் வேண்டாம். நான்கு சரியாக வந்தால் மறுநாள் அடுத்த பிழைக்குப் போகலாம். மூன்றோ அதற்குக் கீழோ என்றால் அதே தலைப்பில், வேறு தொடர்களோடு இன்னொரு நாள்.